எண்ணப்படும் நாளும் கிழிக்கப்படும் தாளும்: சுயகண்காணிப்புச் செயலிகளை விமர்சன வடிவமைப்பின் வழியே ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

என் தந்தைக்கு அறுவைசிகிச்சை நடந்த நாளன்று, அறுவை அரங்குக்கு வெளியே போடப்பட்டிருந்த எவர்சில்வர் பெஞ்சில் ஏறத்தாழ 5 மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் என் கையிலிருந்த ஸ்மார்ட் வாட்ச் நான்கு முறை அதிர்ந்து, எழுந்து நடக்கச் சொன்னது. இரவு வீட்டுக்குத் திரும்பிய பிறகு, அன்றைய இலக்கை நான் எட்டவில்லை என்றும், 61 நாட்களாக விடாமல் காத்துவந்த தொடர்நாள் கணக்கு அறுந்துவிட்டது என்றும் அறிவித்தது. கருவியில் எந்தக் கோளாறும் இல்லை; எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத்தான் அது செய்தது. ஆனால் அந்த அறிவிப்பைப் படித்தபோது, அன்று நான் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தேன் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், ஒரு கணம் குற்றவுணர்வு வந்தது. அந்தக் குற்றவுணர்வு எங்கிருந்து வந்தது, அதை யார் எப்படி வடிவமைத்தார்கள் என்ற கேள்வியை விடாமல் பின்தொடர்ந்ததன் விளைவே இந்த வழிகாட்டி.

வடிவமைப்பு பயிலும் மாணவர்கள், செயலிகளை உருவாக்கும் பணியில் இருப்பவர்கள், அவற்றைப் பயன்படுத்திக் களைத்துப்போனவர்கள் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம், பக்கத்துத் தெரு அச்சகம், ஒத்துழைக்க இசையும் நான்கைந்து வீடுகள், ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் ஆகியவை இருந்தால் போதும்.

விமர்சன வடிவமைப்பு என்பது எது

பொதுவாக வடிவமைப்பு என்றால் ஒரு சிக்கலைத் தீர்ப்பது, ஒரு பொருளை எளிதாகப் பயன்படுத்த வைப்பது, விற்க வைப்பது என்றே புரிந்துகொள்கிறோம். விமர்சன வடிவமைப்பு அந்த வேலையைச் செய்வதில்லை. நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரு நம்பிக்கையை எடுத்து, அதைக் கையில் பிடித்துப் பார்க்கும்படியான பொருளாக மாற்றி, பார்ப்பவரை யோசிக்க வைப்பதே அதன் நோக்கம். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பணியாற்றிய ஆன்டனி டன், 1999இல் வெளியான தம் நூலில் இந்தப் பெயரைக் கையாண்டார். பிறகு அவரும் ஃபியோனா ரேபியும் சேர்ந்து இதை ஒரு நடைமுறையாகவே வளர்த்தெடுத்தார்கள்.

அவர்கள் இருவரும் 2001 வாக்கில் மேற்கொண்ட பிளசீபோ திட்டம் இந்தத் துறையில் நுழைபவர்களுக்கு நல்ல நுழைவாயில். வீட்டிலுள்ள மின்சாதனங்களிலிருந்து கசியும் மின்காந்தப் புலங்களைப் பற்றிய நம் அச்சத்தையும் கற்பனையையும் தொட்டுப் பார்க்க, அவர்கள் எட்டு மரச்சாமான்களைச் செய்தார்கள். அவற்றுள் ஒன்று, மேற்பரப்பில் 25 திசைகாட்டிகள் பதிக்கப்பட்ட மேசை. அதன்மேல் மடிக்கணினியை வைத்தால் முட்கள் துடித்துத் திரும்பும். அந்த மேசை யாரையும் எதிலிருந்தும் பாதுகாக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைத்தது, அவ்வளவுதான். இச்சாமான்களைக் கண்காட்சி மேடையில் மட்டும் நிறுத்தாமல், விருப்பம் தெரிவித்தவர்களின் வீடுகளில் சில காலம் வாழவிட்டு, பிறகு அவர்களிடம் பேசினார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. செயலியின் நெருக்கடியும் வீட்டுக்குள்தான் நடக்கிறது. அதை விசாரிக்கும் பொருளும் வீட்டுக்குள் போயாக வேண்டும்.

முதல் படி: உங்களை விட்டுவிட்டு, செயலியைக் கண்காணியுங்கள்

இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில், நீங்கள் பயன்படுத்தும் ஒரே ஒரு செயலியின் நடத்தையைப் பதிவு செய்யுங்கள். அது எந்த நேரத்தில் பேசியது, சரியாக என்ன சொற்களைச் சொன்னது, என்ன நிறத்தில் சொன்னது, அப்போது நீங்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கேட்ட பிறகு உங்கள் நடத்தையில் எது மாறியது ஆகிய ஐந்தும் போதும். திரைப்படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதுபோல் இதைச் செய்ய வேண்டும். ‘செயலி நினைவூட்டியது’ என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை, ‘இரவு 8.52, சோறு பிசைந்துகொண்டிருந்தபோது, இன்னும் 1,140 அடிகள்தான் என்றது, சாப்பிட்டு முடித்து மொட்டைமாடியில் வட்டமாக நடந்தேன்’ என்று எழுதினால்தான் பிற்பாடு அதில் பிடி கிடைக்கும்.

இப்படி எழுதும்போது செயலியின் அதிகாரம் சில சிறிய வடிவமைப்பு முடிவுகளாகப் பிரிந்து தெரியத் தொடங்கும். இலக்கை நீங்கள் வைக்கும் முன்பே அது ஓர் எண்ணை வைத்திருக்கும். பெரும்பாலானோர் அந்த எண்ணை மாற்றுவதே இல்லை. நிறைவுபெறாத வட்டம் கண்ணை உறுத்தும்படி வரையப்பட்டிருக்கும். ஸ்ட்ரீக் எனப்படும் தொடர்நாள் கணக்கு நாளாக ஆகக் கனம் கூடி, அதைப் பெறும் மகிழ்ச்சியைவிட இழக்கும் அச்சம் பெரிதாகிவிடும். ஓய்வெடுப்பதைக்கூட நாளைய உழைப்புக்கான தயாரிப்பாகவே அது பெயரிடும். காய்ச்சல், துக்கம், மாதவிடாய், கைக்குழந்தை, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குத் துணையாக விழித்திருந்த இரவு ஆகியவற்றுக்கு அதில் ஒரு பொத்தான் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சில செயலிகள் அண்மைக் காலத்தில் கணக்கை இடைநிறுத்தும் வசதியைத் தந்திருக்கின்றன. அந்த வசதி எத்தனை திரைகளுக்குள் புதைந்திருக்கிறது என்பதையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஓர் எண்ணின் பூர்வீகத்தைத் தேடுங்கள்

குறிப்புகளிலிருந்து ஒரே ஒரு முடிவைத் தேர்ந்தெடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது அடுத்த வேலை. வாசிப்பு சார்ந்த இந்தப் படியைப் பலரும் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டியவர்கள் கடைசியில் ‘தொழில்நுட்பம் நம்மை அடிமையாக்குகிறது’ என்ற பொத்தாம்பொதுவான சுவரொட்டியைத்தான் செய்து முடிக்கிறார்கள்.

நாளொன்றுக்கு 10,000 அடிகள் என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். மருத்துவர்கள் நெடுங்காலம் ஆராய்ந்து வகுத்த அளவு இது என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டோக்கியோ ஒலிம்பிக் நடந்து முடிந்த மறு ஆண்டான 1965இல், யமாசா என்ற ஜப்பானியக் கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடியளவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் மான்போ-கேய்; ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பதுதான் அதன் பொருள். விற்பனைக்கு வைத்த பெயர் நாளடைவில் உடல்நல விதியாகிவிட்டது. ஐ-மின் லீயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களின் நடையை அளந்தது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் மட்டுமே நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது; ஏறத்தாழ 7,500 அடிகளுக்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை. ஆக, 7,000 அடி நடந்துவிட்டு, இலக்கை எட்டவில்லையே என்று இரவில் வருந்தும் ஒரு பாட்டிக்கு அந்த வருத்தத்தைத் தந்தது ஒரு விற்பனைப் பெயர்.

குறைந்த நேரத்தில் அதிக வேலையை முடிக்கவைக்கும் ஆக்கத்திறன் (productivity) செயலிகளின் பூர்வீகம் வேறு திசையில் போகிறது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட அறிவியல்முறை மேலாண்மைக் கோட்பாடு, தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் ஸ்டாப்வாட்ச் கொண்டு அளந்து, வீணான நொடிகளைக் களைய முற்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்சை எதிர்த்து வேலையை விட்டு வெளியேறினார்கள். விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போய், அரசு ஆலைகளில் அந்த அளவீட்டுக்குப் பணம் செலவிடுவதற்கே பின்னர் தடை வந்தது. அன்று மேற்பார்வையாளர் கையில் இருந்த ஸ்டாப்வாட்சை இன்று நாமே விலை கொடுத்து வாங்கி, நம் கையில் நாமே கட்டிக்கொள்கிறோம். எதிர்த்து வெளியேற ஒரு ஆலை வாசல் இல்லை என்பதுதான் இந்த நிலையின் சிக்கல்.

இடையில் இன்னொரு கண்ணியும் உண்டு. 2007இல் கேரி வுல்ஃப், கெவின் கெல்லி ஆகிய இரு பத்திரிகையாளர்கள் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தொடங்கிய ‘குவான்டிஃபைட் செல்ஃப்’ இயக்கம், எண்களின் வழியே தன்னை அறிதல் என்பதை முழக்கமாக வைத்தது. தம் உடலைத் தாமே விசாரிக்கும் ஆர்வலர்களின் கூட்டமாகவே அது முளைத்தது. கேள்வியும் அவர்களுடையது, அளவுகோலும் அவர்களுடையது. இந்த நியாயத்தை மறந்துவிட்டு, கணக்கெடுப்பதே தீங்கு என்று எழுதினால் உங்கள் ஆய்வு பழுதாகும். அளவுகோலை வேறொருவர் வைத்து, முடிவை வேறொருவர் படிக்கத் தொடங்கும் இடத்தில்தான் நெருக்கடி தொடங்குகிறது.

மூன்றாம் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

திரட்டியவற்றிலிருந்து ஒரு கேள்வியை எழுதி, சுவரில் ஒட்டுங்கள். அதில் ஒரு வடிவமைப்பு முடிவும் ஒரு மனிதச் சூழலும் இருக்க வேண்டும். ‘ஆக்கத்திறன் கலாச்சாரம் நம்மை என்ன செய்கிறது’ என்பது கேள்வி ஆகாது. ‘நேற்றைய நாளை இழக்க விடாத ஒரு தொடர்கணக்கு, பிறரைப் பராமரிப்பதில் கழியும் ஒரு நாளை எப்படித் தோல்வியாக்குகிறது’ என்பது கேள்வி. என் திட்டம் இந்த வாக்கியத்தில்தான் நின்றது. ஒருவரிடம் வாசித்துக் காட்டும்போது அவர் உடனே தம் அனுபவம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் கேள்வி சரியாக அமைந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டுப் போனால் மீண்டும் எழுதுங்கள்.

நான்காம் படி: ஏற்கெனவே செய்யப்பட்டவற்றைக் கூர்ந்து பாருங்கள்

இந்தக் களத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை மூன்று படைப்புகள். அவற்றுள் ஒன்று செயலிகள் பிறப்பதற்கு வெகு முன்பே நிகழ்ந்தது.

தைவானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த டேசிங் ஷே என்ற நிகழ்த்துகலைஞர், 1980 ஏப்ரல் முதல் 1981 ஏப்ரல் வரை ஓராண்டு, பகலும் இரவும் மணிக்கு ஒரு முறை, தொழிற்சாலைகளில் வருகையைப் பதியும் கடிகாரத்தில் அட்டையைச் செலுத்தி முத்திரை பதித்தார். தொழிலாளியின் சீருடை அணிந்து, ஒவ்வொரு முறையும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார். 8,760 முறை பதிந்திருக்க வேண்டும். 133 முறை தவறிவிட்டது. அவற்றுள் 94 முறை தூங்கிப்போனதால், 29 முறை தாமதத்தால், 10 முறை முன்கூட்டியே பதிந்துவிட்டதால். அந்த வேலையில் எதுவும் உற்பத்தியாகவில்லை. கணக்கு மட்டுமே இருந்தது. தவறிய 133ஐயும் காரணம் பிரித்து, மறைக்காமல், படைப்பின் பகுதியாகவே அவர் வைத்ததை நினைத்துப் பாருங்கள். நம் செயலிகள் தவறிய நாளை வெறும் வெற்றிடமாகக் காட்டுகின்றன. அவருடைய பட்டியலில் தூக்கத்துக்குப் பெயர் இருக்கிறது.

இரண்டாவது, கலைஞர்கள் சூர்யா மட்டு, டேகா பிரெய்ன் இருவரும் 2015இல் செய்த ‘அன்ஃபிட் பிட்ஸ்’. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள், அடிகளை எண்ணும் கைப்பட்டைகளின் தரவுகளுக்குச் சலுகை தரத் தொடங்கியிருந்த காலம் அது. நடக்க நேரமோ வசதியோ இல்லாதவர்களும் அந்தச் சலுகையைப் பெற, கைப்பட்டையைத் தாளகதி காட்டும் மெட்ரோனோமின் முள்ளிலும், ட்ரில்லிங் மெஷினிலும், சைக்கிள் சக்கரத்திலும், நாயின் கழுத்திலும் கட்டி அடிகளைப் பெருக்கிக் காட்டும் வழிகளை ஒரு நிறுவனத்தின் தயாரிப்புகளைப்போல் முன்வைத்தார்கள். இரவு முழுவதும் மெட்ரோனோம் ஆடினால் காலையில் உரிமையாளர் ஆரோக்கியமானவர். அடிகளின் எண்ணிக்கைக்கும் உடல்நலத்துக்கும் இடையே நாம் போட்டுவைத்த சமன்குறி எவ்வளவு மெலிதானது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, வடிவமைப்பாளர்கள் ஜார்ஜியா லூப்பி, ஸ்டெஃபனி போசவெக் இருவரும் 2014இல் தொடங்கி 52 வாரங்கள், நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே கையால் வரைந்து அனுப்பிக்கொண்ட தரவு அஞ்சலட்டைகள். வாரம் ஒரு பொருளைப் பற்றித் தம்மைத் தாமே எண்ணி, அதை வண்ணக்கோடுகளாக்கித் தோழிக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். அங்கே எண்ணுதல் ஒரு கடிதம் எழுதும் செயலாகிவிட்டது. சுயகண்காணிப்புக்கு மென்மையான இன்னொரு முகமும் உண்டு என்பதற்கு அதுவே சான்று.

ஐந்தாம் படி: பொருளைத் தேர்ந்து செய்யுங்கள்

இனி உங்கள் கேள்வியைத் தாங்கும் பொருள் ஒன்று தேவை. இன்னொரு செயலியைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திரைக்குள் வைத்த விமர்சனம் மற்ற அறிவிப்புகளோடு கலந்து கரைந்துவிடும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே காலத்தை, உழைப்பை, உடலை அளந்துகொண்டிருக்கும் பழைய பொருள் எது என்று தேடுங்கள். சமையலறை டைமர் ஒரு நல்ல சான்று: 25 நிமிட உழைப்பு, சிறு இடைவேளை என்ற பொமடோரோ முறையே, 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ தம் படிப்புக்குப் பயன்படுத்திய தக்காளி வடிவ டைமரிலிருந்து பெயர் பெற்றது.

எனக்குக் கிடைத்த பொருள், எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆணியில் தொங்கிய தினசரி காலண்டர். ஜவுளிக்கடையோ நகைக்கடையோ புத்தாண்டுக்குத் தரும், அட்டையில் பொருத்திய 365 தாள்கள். அதை ஒரு சுயகண்காணிப்புக் கருவியாகப் பார்க்கத் தொடங்கியதும் மூன்று செய்திகள் கண்ணில் பட்டன. ஒன்று, அதில் எதுவும் சேர்வதில்லை. காலையில் நேற்றைய தாளைக் கிழித்தால் நேற்று போய்விடுகிறது. பத்து நாள் ஊரில் இல்லாவிட்டால் பத்துத் தாளையும் ஒரே பிடியில் கிழித்துவிட்டு இன்றைக்கு வந்துவிடலாம். யாரும் எதையும் இழப்பதில்லை. இரண்டு, அதில் ராகு காலம் என்று நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது: திங்கள் 7.30 முதல் 9 வரை, செவ்வாய் 3 முதல் 4.30 வரை என்று கிழமைதோறும் இடம் மாறும். அந்த நேரத்தில் புதிய காரியம் எதையும் தொடங்கக் கூடாது. சோதிட நம்பிக்கையை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் வேலை தொடங்காமலிருக்க ஊர் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு நாளிலும் அச்சிடப்பட்டிருக்கிறது என்பது வடிவமைப்பாளருக்கு அரிய செய்தி. மூன்று, தாளின் அடியில் பன்னிரண்டு ராசிகளுக்கும் ஒற்றைச் சொல் பலன்: வரவு, அலைச்சல், பொறுமை, கவலை. காலையில் எழுந்தவுடன் நேற்றிரவுத் தூக்கத்துக்கு மதிப்பெண் தந்து, இன்று நீங்கள் எவ்வளவு தயார் என்று சொல்லும் கருவியும் அதே பணியைத்தான் செய்கிறது.

இந்த மூன்றாவது ஒப்புமையை நான் வலிந்து செய்யவில்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களிடம் அவர்களுடைய தூக்கத்தின் தரம் நன்று அல்லது குறைவு என்று, உண்மைக்குத் தொடர்பில்லாமல் சொல்லிவிட்டு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். குறைவு என்று சொல்லப்பட்டவர்கள் சோதனையிலும் பின்தங்கினார்கள். 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், கைப்பட்டை காட்டும் மதிப்பெண்ணைச் சீராக்க வேண்டுமென்ற தவிப்பே தூக்கத்தைக் கெடுக்கும் நிலைக்கு ஆர்த்தோசாம்னியா என்று பெயரே வைத்தார்கள்.

ஆகவே 30 தாள்கள் கொண்ட நாட்காட்டி ஒன்றைச் செய்தேன். மேப்லித்தோ தாளில், பச்சையும் சிவப்புமாக, வழக்கமான எழுத்துருவில் அச்சிட்டு, மேல்விளிம்பில் கம்பி அடித்து, ஆணிக்குத் துளையிட்ட அட்டையில் பொருத்தினேன். தேதி வழக்கம்போல் பெரிய எண்ணில். நல்ல நேரம் இருக்கும் இடத்தில் ‘இன்றைய இலக்கு’ என்ற தலைப்பின் கீழ் வெற்றுக் கோடு. ராகு காலம் அதே கிழமைக்கணக்கில். ஆனால் ‘கருவியைக் கழற்றிவைக்கும் நேரம்’ என்ற தலைப்பில். அடியில் ராசிப் பெட்டிக்குப் பதிலாக ஒற்றைச் சொல்: தயார், மந்தம், பின்னடைவு, உச்சம் என்று செயலிகள் பேசும் வகைச் சொற்களை நான் சீட்டுக் குலுக்கிப் போட்டு நாளுக்கு ஒன்றாக இட்டிருந்தேன். தாளின் பின்புறத்தில் ஒரே ஒரு வரி: ‘இன்று கணக்கில் வராதது’.

பொருளைச் செய்யும்போது இரு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். கலைப்பொருள் என்று தூரத்திலேயே தெரியும்படி விநோதமாகச் செய்தால், அதை வீட்டில் மாட்டமாட்டார்கள். அச்சு அசலாகச் செய்துவிட்டால் யாருக்கும் எதுவும் உறுத்தாது. என் முதல் மாதிரியில் வெள்ளை இடம் நிறைய விட்டு, நவீனமாக அமைத்திருந்தேன். அச்சகத்தில் தாள் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, ‘இது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு, காலண்டர் மாதிரி இல்லையே தம்பி’ என்றார். அவர் சொன்னபடி நெரிசலாக்கிய பிறகுதான் அது காலண்டரானது.

ஆறாம் படி: பொருளை வீடுகளில் வாழவிடுங்கள்

நான்கு அல்லது ஐந்து வீடுகள் போதும். புள்ளிவிவரம் எடுப்பது இங்கே நோக்கமில்லை. பொருளோடு ஒருவர் ஒரு மாதம் பழகும்போது என்ன கதை பிறக்கிறது என்பதே தேவை. பில் கேவரும் டன்னும் எலெனா பசென்டியும் 1999இல் எழுதிய பண்பாட்டுத் துருவிகள் என்ற முறை இதற்குத் துணை செய்யும். ஆஸ்லோ, ஆம்ஸ்டர்டாம், இத்தாலியின் பெச்சோலி ஆகிய இடங்களில் வாழ்ந்த முதியவர்களிடம் அவர்கள் அஞ்சலட்டைகளும் வரைபடங்களும் கேமராவும் கொண்ட பொதிகளைத் தந்து, விரும்பியதை விரும்பியபோது அனுப்பச் சொன்னார்கள். விடையின்மையும் அங்கே விடைதான்.

பொருளைக் கொடுக்கும்போது அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று கட்டளையிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் கூப்பிட்டு, ‘தவறாமல் எழுதுகிறீர்களா’ என்று கேட்டால் நீங்களும் ஒரு செயலியாகிவிடுவீர்கள். முதல் திட்டத்தில் அந்தப் பிழையை நான் செய்தேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். மாத முடிவில் நேரில் சென்று, பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். ‘உங்களுக்குப் பிடித்ததா’ என்ற கேள்வியைத் தவிர்த்து, ‘எந்தத் தாளைக் கிழிக்கத் தயங்கினீர்கள்’ என்பதுபோல் ஒரு செயலைப் பற்றிக் கேளுங்கள்.

என் நாட்காட்டி சென்ற ஒரு வீட்டில், இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவர் பெரும்பாலான தாள்களின் பின்புறத்தில் ஒரே சொல்லை எழுதியிருந்தார்: ‘நின்றது’. வார்டில் நோயாளியின் பக்கத்தில் அவர் நின்ற மணிநேரங்களை அவருடைய கைப்பட்டை நடையாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு வீட்டில், ‘இன்று கணக்கில் வராதது’ என்ற வரிக்குக் கீழே துவரம்பருப்பு அரை, உப்பு, குளியல் சோப்பு இரண்டு என்று மளிகைச் சீட்டு எழுதியிருந்தார்கள். முதலில் திட்டம் புரியாமல் எழுதியதாக எடுத்துக்கொண்டேன். பேசியபோது அந்த அம்மா, ‘அதைத்தான் கேட்டிருக்கீங்க? இதெல்லாம் யாரு கணக்குல வருது?’ என்றார். அடியில் இட்ட ஒற்றைச் சொற்கள் குலுக்கிப் போட்டவை என்று எல்லோரிடமும் முதலிலேயே சொல்லியிருந்தேன். அப்படியிருந்தும் ‘பின்னடைவு’ என்று வந்த நாள் மனத்துக்குச் சரியாக இல்லை என்று இருவர் சொன்னார்கள்.

ஏழாம் படி: யாருக்குத் தீங்கு நேரும் என்று முன்பே யோசியுங்கள்

கண்காணிப்பு எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. நீரிழிவுக்காரருக்கு ரத்தச் சர்க்கரைப் பதிவு உயிர்காக்கும் செயல். அதைக் கழற்றிவைக்கச் சொல்லும் படைப்பு பொறுப்பற்றது. உணவுப் பழக்கக் கோளாறு உள்ளவருக்குக் கலோரி எண்ணைப் பற்றிய பொருள், விமர்சனமாகவே இருந்தாலும், காயத்தைக் கிளறும். பங்கேற்பவரிடம் இவற்றைக் கேட்டறிந்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும்.

தாமாக விரும்பிக் கணக்கெடுப்பவருக்கும் கணக்கெடுக்கப்படுபவருக்கும் இடையிலான வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆக்கத்திறன் மதிப்பெண் வசதி, ஒவ்வோர் ஊழியரின் மென்பொருள் பயன்பாட்டையும் பெயரோடு மேலாளருக்குக் காட்டும்படி இருந்தது; கடும் எதிர்ப்பு எழுந்த பிறகே நிறுவனம் தனிநபர் பெயர்களை அதிலிருந்து நீக்கியது. உணவு டெலிவரி செய்பவருக்கோ கிடங்குத் தொழிலாளிக்கோ கருவியைக் கழற்றிவைக்கும் நேரம் என்று ஒன்றைப் பரிந்துரைப்பது, அவர்களுடைய நிலையை அறியாதவர் பேசும் பேச்சு. விமர்சன வடிவமைப்பின் மீது வந்த வலுவான குற்றச்சாட்டும் இதுவே. பிரேசிலைச் சேர்ந்த லூயிசா பிராடோவும் பெட்ரோ ஒலிவேராவும் 2014இல், இந்தத் துறை ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தின் அச்சங்களை உலகம் முழுமைக்கும் பொதுவான எதிர்காலமாகக் காட்டுகிறது என்று எழுதினார்கள். பிறருக்கு நெடுங்காலமாகவே அன்றாடமாக இருக்கும் துன்பம் அங்கே புதிய கற்பனையாக மேடையேறுகிறது என்பது அவர்களுடைய வாதம். அந்த விமர்சனத்தை நான் முழுவதும் ஏற்கிறேன். உங்கள் பொருள் யாருடைய நாளைப் பற்றிப் பேசுகிறது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

பங்கேற்பவரின் தரவைக் கேட்டு வாங்காதீர்கள். 2018 தொடக்கத்தில், ஸ்ட்ராவா செயலி வெளியிட்டிருந்த ஓட்டப்பாதை வரைபடத்தில் ராணுவ முகாம்களின் அமைப்பே தெரிந்தது. பெயர் நீக்கிய தரவும் இடத்தையும் பழக்கத்தையும் காட்டிக்கொடுக்கும்.

எட்டாம் படி: காட்சிக்கு வைத்தல்

இது சுருக்கமான வேலை. பொருளின் அருகே வைக்கும் குறிப்பு 80 சொற்களுக்குள் இருக்கட்டும். அதில் உங்கள் கேள்வி, எண்ணின் பூர்வீகம், பொருள் எத்தனை வீடுகளில் எத்தனை நாள் இருந்தது ஆகிய மூன்றும் போதும். கற்பனைப் பொருள் என்றால் கற்பனை என்றே எழுதுங்கள். வடிவமைப்பாளர்கள் ஆகர், லோய்சோ இருவரும் 2001இல் முன்வைத்த பல்லுக்குள் பொருத்தும் தொலைபேசியை உலகெங்கும் செய்தித்தாள்கள் உண்மைத் தயாரிப்பாகவே வெளியிட்டன. அது பெரிய விவாதத்தை எழுப்பியது உண்மைதான். ஆனால் உடல்நலம் தொடர்பான எண்களில் அந்த மயக்கத்தை நான் அனுமதிக்கமாட்டேன்.

புதிதாக அச்சிட்ட நாட்காட்டியைச் சுவரில் மாட்டாதீர்கள். வீடுகளிலிருந்து திரும்பி வந்த, கிழித்து முடித்த அட்டைகளை மாட்டுங்கள். கம்பியில் சிக்கி நிற்கும் தாள் விளிம்புகளைக் கூர்ந்து பார்த்தால், எவை ஒவ்வொன்றாகக் கிழிக்கப்பட்டன, எவை ஒரே பிடியில் போயின என்பது தெரியும். செவிலியர் வீட்டு அட்டையில் ஓரிடத்தில் ஒன்பது விளிம்புகள் ஒரே சாய்வில் கிழிந்திருக்கின்றன. அந்த ஒன்பது நாட்களில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. குறிப்பட்டையிலும் அதற்கு விளக்கம் எழுதவில்லை.